இசைத்தட்டுத் தொழிலும் ஈழத்துப் பொப்பிசையும்: ‘சூரியா’ முத்திரையை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழில் இசைபற்றி எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை பாடகரைப்பற்றியோ இராகத்தைப்பற்றியோ அமைந்துவிடுகின்றன. ஒரு பாட்டு எத்தகைய பொருளின்மீது பொறிக்கப்பட்டது, எவருடைய முதலீட்டினால் வெளிவந்தது, எவ்வழியாக மக்களின் செவியை வந்தடைந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. நூல்களைப் பொறுத்தவரை இந்நிலை இல்லை. பதிப்பாசிரியர், அச்சுக்கூடம், புரவலர் ஆகியோரைப்பற்றி ஆறுமுகநாவலர் காலந்தொட்டு எழுதி வருகிறோம் என்று தமிழ் ஆய்வுலகம் பெருமைகொள்ளவும் செய்கிறது. அச்சிட்ட ஏட்டுக்கு வரலாறு உண்டெனின், ஒலி பொறித்த தட்டுக்கும் வரலாறு உண்டு. ஈழத்துப் பொப்பிசை எனப்பட்டது ஏன் தோன்றிய வேகத்திலேயே சிதறிப்போயிற்று என்பதற்கு விடை, பாடகரின் குரலைக் காட்டிலும் இத்தட்டின் வரலாற்றிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது.

இசைத்தட்டுத் தொழிலில் ‘முத்திரை’ என்பது தட்டின் நடுவே ஒட்டப்படும் வட்டத் தாளைக் குறிக்கும். அத்தாளிற் பொறிக்கப்பட்ட பெயரால் அந்நிறுவனமே அறியப்படும். பெருநிறுவனங்களின் முத்திரைகள் உலகெங்கும் ஒன்றே. நாய் குழாயின் முன் அமர்ந்திருக்கும் ‘ஹிஸ் மாஸ்ரர்ஸ் வொய்ஸ்’ படத்தைக் காணாத பழைய தலைமுறை இலங்கையில் இல்லை. ஆயின் 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் ஏழங்குலச் சிறுதட்டு அறிமுகமானதன் பின்னர் வேறொருவகை முத்திரைகள் முளைத்தன. பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் மட்டுமே கொள்ளும் இத்தட்டைச் சில நூறு பிரதிகளளவில் அச்சிட்டு வெளியிட ஒரு சிறு வணிகராலும் முடிந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ இசை வளர்ந்தது பெரும்பாலும் இத்தகைய சிறு முத்திரைகளினாலேயாம். 1959இல் டிற்றொயிற் நகரிற் பெரி கோர்டி தம் குடும்பத்தாரிடம் பெற்ற 800 டொலர்க் கடனோடு தொடங்கிய நிறுவனம் ‘மோற்றவுன்’ எனப் பின்னர் உலகப் புகழ் பெற்றது. அது விதிவிலக்கு. ஒரு நகரத்திற் பிறந்து, சில தட்டுகளை வெளியிட்டு, அந்நகரத்துக்குள்ளேயே மறைந்த முத்திரைகளே மிகப்பல.

அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒஹையோ மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸில், வானொலி அறிவிப்பாளரும் பாடகருமான பில் மொஸ் என்பவர் 1970இல் ‘கெப்சோல்’ என்னும் முத்திரையை நிறுவினார். மரியன் பிளாக், ஃபோர் மின்ற்ஸ், கூல் புளூஸ், நால்வரின் குடும்பப் பெயர்களையே குழுப்பெயராகக் கொண்ட ஜோன்சன்–ஹோக்கின்ஸ்–ரேற்றம்–டேர் ஆகியோர் அதிற் பாடினர். ஏறத்தாழ ஒரு பன்னிரண்டு சிறுதட்டுகளும் ஒரேயொரு நெடுந்தட்டும் வெளிவந்தன. எழுபதுகளின் நடுப்பகுதியில் யாவும் முடிந்தன. குரல்களிற் குறையில்லை, பாடல்களிலும் குறையில்லை. நாடளாவிய விநியோகம் இன்மையே குறை. கொலம்பஸ் நகர வானொலியில் ஒலித்த பாட்டு, அடுத்த மாநிலத்துக் கடையிற் கிடைக்கவில்லை. முப்பது ஆண்டுகளின் பின்னர், 2004இல், சிக்காக்கோவின் ‘நியூமெரோ குறூப்’ என்னும் நிறுவனம் தன்னுடைய முதல் வெளியீடாகக் கெப்சோலின் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டபோதுதான் அவை நகரெல்லையைக் கடந்தன. பாட்டை ஆக்குவது ஒன்று. அதனை வைத்திருந்து மீளக் கொடுப்பது மற்றொன்று. இவ்விரண்டாவது பணிக்குத் தட்டு என்னும் திடப்பொருள் எங்கேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

இலங்கையில் இதற்கு நெருங்கிய ஒப்புமை ‘சூரியா’ ஆகும். ஜெரால்ட் விக்கிரமசூரிய என்னும் வணிகர் தம் குடும்பப் பெயரின் பிற்பகுதியையே முத்திரையின் பெயராக்கினார். அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கும் காலம் அது. மூன்ஸ்ரோன்ஸ், சுப்பர் கோல்டன் சைம்ஸ், இந்திராணி பெரேரா, ஜிப்சீஸ் முதலியோரின் பெயர்கள் இம்முத்திரையோடு பிணைந்துள்ளன. ‘சூரியா ஷோ’ என்ற பெயரில் மேடை நிகழ்ச்சிகளும் நடந்தன. தட்டை வாங்கியவன் பாடகனை நேரிற் காணவும், பாடகனைக் கண்டவன் தட்டை வாங்கவும் வகைசெய்த ஏற்பாடு அது. சூரியனின் பெயர்கொண்ட நிறுவனத்தில் சந்திரகாந்தக் கல்லின் பெயர்கொண்ட குழு பாடியது தற்செயலே எனினும், அக்காலத்து இளைஞரின் பெயரிடும் விருப்பத்துக்கு அது ஒரு நல்ல சான்று.

சூரியாவுக்கு முன்னர் இலங்கையில் இசைத்தட்டு இல்லாமலில்லை. ‘ஹிஸ் மாஸ்ரர்ஸ் வொய்ஸ்’ தட்டுகளுக்குக் கொழும்பில் முகவராயிருந்தது கார்கில்ஸ் நிறுவனம். அத்தட்டுகள் கல்கத்தாவுக்கு அண்மையில் இயங்கிய டம்டம் ஆலையில் அச்சாகிக் கப்பலேறி வந்தன. நாடக மேடைப் பாடல்களும் பின்னர்த் திரைப்படப் பாடல்களுமே அவற்றுள் மிகுதி. இந்தித் திரைமெட்டுக்குச் சிங்களச் சொற்களை இட்டு நிரப்புவது அன்று பெருவழக்கு. அதற்கெதிராக எழுந்தோர் இருவகையினர். ஒருவகையினர் வட இந்திய இராக மரபைக் கற்று வந்த புலமையாளர். இலங்கை வானொலி 1952இல் ரதன்ஜங்கரை அழைத்து இசைக்கலைஞரைத் தரம்பிரித்த நிகழ்ச்சி இவர்களின் செல்வாக்கைக் காட்டும். மற்றையவர் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். ஐம்பதுகளில் இலங்கைக்கு வந்து பாடிய பரகுவேக் குழுவினரையும் ஹரி பெலவொன்ரேயின் கலிப்சோத் தட்டுகளையும் கேட்டு மயங்கியவர்கள் இவர்கள். லொஸ் கபலேரோஸ், லா சிலோனியன்ஸ், லா பம்பாஸ் என்று ஸ்பானியச் சாயலில் அவர்கள் சூடிக்கொண்ட பெயர்கள் இன்று நகைப்பைத் தரலாம். ஆனால் அந்நகைப்புக்குள் ஒரு செய்தி உண்டு. இந்தியாவையும் பிரித்தானியாவையும் தவிர உலகில் வேறு இசையும் உண்டு என்று இலங்கை இளைஞர் கண்டுகொண்ட காலம் அது.

இப்போக்கினை ஒரு மொழியாக முதிரச் செய்தவர் கிளாரன்ஸ் விஜேவர்தன (1943–1996). அனஸ்லி மாலேவனவும் அவரும் மூன்ஸ்ரோன்ஸ் குழுவிற் பாடினர். பின்னர் சுப்பர் கோல்டன் சைம்ஸிலும் சேர்ந்து இயங்கினர். சிங்கள இசைக்குள் மின்கிற்றாரைக் கொணர்ந்த முன்னோடியாகக் கிளாரன்ஸ் கொள்ளப்படுகிறார். வானொலி அறிவிப்பாளர் விஜய கொரயா இக்குழுவுக்குத் தந்த ஊக்கம் பரவலாக அறியப்பட்டது. கொலம்பஸில் முத்திரையின் சொந்தக்காரரே அறிவிப்பாளராயிருந்ததையும், கொழும்பில் அறிவிப்பாளரும் வணிகரும் இருவேறு ஆட்களாயினும் ஒரே முயற்சியில் இணைந்ததையும் ஒப்பிட்டு நோக்கின், சிறுமுத்திரை ஒன்றுக்கு வானொலியே உயிர்நாடி என்பது தெளிவாகும்.

இவ்விசையைத் திறனாய்வாளர் அந்நாளில் விரும்பவில்லை. புலமையாளர் இதனை இராகமற்றது என்றனர். ஒழுக்கவாதிகள் நாகரிகமற்றது என்றனர். இடதுசாரிகள் பொழுதுபோக்கு என்றனர். மூன்றாவது குற்றச்சாட்டே கவனித்தற்குரியது. 1971 ஏப்பிரலில் தென்னிலங்கை இளைஞர் ஆயுதமேந்திக் கிளர்ந்தெழுந்து பல்லாயிரவர் மாண்டனர். அதே ஆண்டுகளில் அவர்களொத்த வயதினர் காதற் பாட்டையும் கடிதப் பாட்டையும் கிற்றாரோடு பாடிக்கொண்டிருந்தனர் என்பது உண்மை. வடக்கிலும் இதே நிலைதான். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டு இளைஞர் கொதித்துக்கொண்டிருந்தபோது பொப்பிசை மாமியையும் கள்ளுக்கடையையும்பற்றிப் பாடியது. இக்குற்றச்சாட்டை முற்றாக மறுத்தல் இயலாது. ஆனால் ஒரு பாட்டு எதைப்பற்றிப் பேசுகிறது என்பதோடு, எந்த நாவினாற் பேசுகிறது என்பதையும் நோக்குதல் திறனாய்வாளன் கடன்.

இதனை விளக்க இரு பாடல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மூன்ஸ்ரோன்ஸ் குழுவின் புகழ்பெற்ற தொடக்ககாலப் பாடல்களுள் ஒன்று ‘மேங்கோ களு நெந்தே’. ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையின் முன்னோடியாகப் போற்றப்படும் நித்தி கனகரத்தினத்தின் பெயர்பெற்ற பாடல் ‘சின்ன மாமியே’. இரண்டும் ஒரே உறவுமுறைப் பெண்ணை விளிக்கின்றன. சிங்களத்தில் ‘நெந்தா’ என்பவள் தந்தையின் உடன்பிறந்தாளும் ஆவாள். தாய்மாமன் மனைவியும் ஆவாள். மனைவியின் தாயும் ஆவாள். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ‘மாமி’ என்னும் சொல் இம்மூன்று பொருளையும் அவ்வாறே தாங்கி நிற்கிறது. தமிழ்நாட்டில் தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை எனப்படுவாள். சென்னைத் திரைப்படத்தில் மாமி எனின் பெரும்பாலும் அக்கிரகாரத்துப் பெண்ணே நினைவுக்கு வருவாள். ஆகவே மாமியை விளித்து அவளுடைய மகளை விசாரிக்கும் பாட்டின் குறும்பு, மச்சாளை மணக்கும் உரிமை மச்சானுக்கு உண்டு என்று எண்ணிப் பழகிய சமூகத்துக்கே முழுமையாக விளங்கும். இரு மொழியிலும் அச்சமூகம் ஒன்றே. அரசியல் மேடைகளிலே இரு இனத்தாரும் தத்தம் தொன்மையை நிறுவ முயன்றுகொண்டிருந்த காலத்தில், விளையாட்டுத்தனமான இரு பாடல்கள் இரு இனத்துக்கும் பொதுவான உறவுமுறையைத் தம்மையறியாமலே வெளிப்படுத்தின. பொழுதுபோக்கு என்று ஒதுக்கியோர் இதனைக் கேட்கத் தவறிவிட்டனர்.

தாளமும் அவ்வாறே பொதுவானது. பைலா எனப்படும் இசை போர்த்துக்கேயரோடும் அவர்களால் ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்டோரோடும் கரையேறியது. பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்தியன்ஸ் அதனைச் சிங்கள மேடைக்கு ஏற்றினார். மட்டக்களப்புப் பறங்கியரிடையே கப்ரிஞ்ஞா ஆட்டமாக அதன் உறவு இன்றும் வழங்குகிறது. எனவே தமிழ்ப் பொப்பிசை சிங்களவரிடம் பைலாவைக் கடன்வாங்கியது எனச் சிலர் எழுதுவது அரைகுறை வரலாறு. கரையோரங்களின் பொதுச் சொத்தில் தன் பங்கினை அது எடுத்துக்கொண்டது எனலே பொருந்தும். ஆனால் ஒரு குறையைச் சுட்டாமலும் இருத்தலாகாது. சோல் இசை தேவாலயத்துப் பாடகர் குழாத்திலிருந்து குரலெடுத்துக்கொண்டது. தன் மக்கள் ஞாயிறுதோறும் பாடியதையே வெள்ளிக்கிழமை இரவுக்கு மாற்றியமைத்தது. தமிழ்ப் பொப்பிசையோ விருந்துக் கூடத்திலிருந்து வந்தது. வயல்வெளியின் அருவி வெட்டுப் பாடல், முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்து, வற்றாப்பளைப் பொங்கலை ஒட்டிய கண்ணகி வழிபாட்டுப் பாடல்கள் ஆகியவற்றின் மெட்டுகளை அது பெரிதும் தீண்டவில்லை. மண்ணின் மொழியைப் பாடியவர்கள் மண்ணின் மெட்டை நாடாதது ஏனென்ற வினா இன்னும் ஆராயப்பட வேண்டியது.

இனி, சூரியாவைப் போன்ற ஒரு தமிழ் முத்திரை ஏன் வலுப்பெறவில்லை என்பதை நோக்கலாம். கலைஞர் இல்லாமையால் அன்று. இலங்கையின் இசைத்துறையிலே தமிழ் பேசுவோரின் பங்கு பெரிது. சிங்களத் திரையிசையை அமைத்த ஆர். முத்துசாமியும் எம். ரொக்சாமியும் தமிழர். சேலத்திற் பிறந்து இலங்கைக்கு வந்த மொகிதீன் பேக், சிங்களப் பௌத்த பக்திப் பாடல்களின் குரலாகவே மாறினார். வானொலியில் எஸ். கே. பரராஜசிங்கம் முதலியோர் ஈழத்து மெல்லிசையை அக்கறையோடு வளர்த்தனர். ஆனால் இவர்கள் முன்னே ஒரு பெருஞ்சுவர் நின்றது. அது தமிழ்நாட்டுத் திரைப்பாடல்.

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு, பாக்கு நீரிணைக்கு அப்பாலும் கேட்கப்பட்டது. மதுரையிலும் இராமநாதபுரத்திலும் மக்கள் நேரம் பார்த்து அதனைத் திருப்பினர். எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் பெயர்கள் தமிழகத்து நடிகர் பெயர்களுக்கு நிகராக அங்கு ஒலித்தன. இப்பெருமையை எடுத்துரைக்காத ஈழத்தவர் இலர். ஆனால் இப்பெருமையின் மறுபக்கம் எண்ணிப் பார்க்கப்படுவதில்லை. தமிழகத்து நேயரை ஈர்த்தது தமிழகத்துத் திரைப்பாடலே. விளம்பரதாரரும் அதனையே வேண்டினர். உலகிலேயே தமிழுக்குக் கிடைத்த மிக வலிமையான வானொலி ஒன்று கொழும்பில் இருந்தும், கொழும்பிற் பாடிய தமிழனுக்கு அது சிறிய வாசலையே திறந்தது. சிங்களப் பாடகனுக்கு வெளியிலிருந்து வந்த போட்டி வேற்றுமொழிப் பாட்டினாலானது. தமிழ்ப் பாடகனுக்கோ சொந்த மொழியிலேயே, ரி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பெரும் வாத்தியக் குழுவோடு பாடிய தட்டுகள் போட்டியாக வந்தன. ஒரு கிற்றாரையும் ஒரு கொங்கோ மேளத்தையும் கொண்டு அதற்கு எதிர்நின்றவர்களின் துணிவை வியத்தல் தகும்.

1970 மே மாதத்தில் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இக்கட்டுப்பாட்டை வன்னி மறக்கவில்லை. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது நின்றபோது அவற்றின் விலை உயர்ந்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் வன்னியின் குடியேற்றவாசிகளும் அதுவரை காணாத பணத்தைக் கண்டனர். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியிலுள்ள விசுவமடுவிலும், அப்பாலுள்ள முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்களில் மிளகாய் பயிரிட்ட இளைஞரின் கதை அக்காலத்து நம்பிக்கைகளுள் ஒன்று. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளும் அதே காலத்திற் கட்டுப்படுத்தப்பட்டன. ஈழத்து எழுத்தாளர் இதனை வரவேற்றனர். 1966இலிருந்து டொமினிக் ஜீவா நடாத்திய ‘மல்லிகை’ வளர்ந்தது; வீரகேசரிப் பிரசுரமாக ஈழத்து நாவல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. திரைப்படத்திலும் ‘குத்துவிளக்கு’ (1972), ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) என முயற்சிகள் எழுந்தன. மிளகாய்க்கும் நாவலுக்கும் ஒரே வேலி காவலாய் நின்றது என்று கூறின் அது வெறும் வேடிக்கையன்று.

அவ்வேலி இசைத்தட்டுக்கு மட்டும் காவலாகாமற் சிறையாகியது ஏன்? விடையைப் பொருளியலிலன்றி இரசாயனவியலில் தேடுதல் வேண்டும். நூலுக்கு வேண்டியது தாள். வாழைச்சேனைக் காகித ஆலை நாட்டுக்குள்ளேயே இயங்கியது. தட்டுக்கு வேண்டியது பொலிவினைல் குளோரைட்டு என்னும் பிளாத்திக்கு. அதனோடு தட்டை அழுத்தி அச்சிடும் பொறி, ஒலிப்பதிவு நாடா, கேட்போன் வீட்டில் ஒரு சுழல்பெட்டி, அப்பெட்டிக்கு ஊசி. இவற்றுள் ஒவ்வொன்றும் வெளிநாட்டுச் செலாவணியாகும். செலாவணி உணவுக்கே போதாதிருந்த நாட்டில் ஆடம்பரம் எனக் கருதப்பட்ட பொருள்கள் நெருக்குண்டமை இயல்பே. சூரியாவைப் போன்ற முத்திரைகள் தம் செழிப்பை ஒரு பத்தாண்டுக்குக் கூட நீட்டிக்க இயலாது போனமைக்குப் பாடகரின் பிணக்குகளையோ சுவை மாற்றத்தையோ மட்டும் காரணங்காட்டுவது போதாது.

இங்கேதான் பரந்தன் இக்கதைக்குள் வருகிறது. கிளிநொச்சிக்கு வடக்கே, ஆனையிறவுக்குத் தெற்கே, கண்டி வீதியில் அமைந்த இச்சந்தியில் ஐம்பதுகளில் இரசாயன ஆலையொன்று எழுந்தது. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தோடு (1948–1953) இணைத்துப் பேசப்படும் ஆலைகள் மூன்று: காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் காகிதம், பரந்தன் இரசாயனம். ஆனையிறவு உப்பளத்தின் உப்பைக் கரைத்து, அதனூடே மின்னைச் செலுத்தி, ஒருபுறம் எரிசோடாவையும் மறுபுறம் குளோரினையும் பிரித்தெடுப்பதே பரந்தன் ஆலையின் தொழில். எரிசோடா சவர்க்காரம் முதலிய தொழில்களுக்கும், குளோரின் குடிநீரைத் தூய்மையாக்கவும் சென்றன. பொலிவினைல் குளோரைட்டின் நிறையில் ஏறத்தாழ 57 வீதம் குளோரினே. இசைத்தட்டின் பாதிக்கு மேற்பட்ட பொருள் பரந்தனின் ஆலையிலேயே ஆனையிறவு உப்பிலிருந்து பிரிந்து வெளியேறிக்கொண்டிருந்தது என்பது இதன் கருத்து. எஞ்சிய பாதிக்குப் பெற்றோலியத்திலிருந்து பெறும் எதிலீன் வேண்டும். இரண்டையும் இணைக்கும் ஆலை வேண்டும். அவை அமையவில்லை. அமையவேண்டும் என்று எவரேனும் திட்டமிட்டிருந்தாலும் அது நீர்க்குழாய்க்காகவே இருந்திருக்கும். பாட்டுக்காக எந்த அரசாங்கமும் ஆலை கட்டுவதில்லை. ஆயினும் ஒரு நாட்டின் தமிழ் நூலுக்கும் தமிழ்த் தட்டுக்கும் இடையிலே நேர்ந்த வேறுபாடு, வாழைச்சேனைக்கும் பரந்தனுக்கும் இடையிலே நேர்ந்த வேறுபாடாகவும் இருக்கிறது. ஓர் ஆலை முடிந்த பொருளைத் தந்தது. மற்றையது மூலப்பொருளோடு நின்றது. நாவலாசிரியனுக்குக் கிடைத்த பத்தாண்டு பாடகனுக்குக் கிடைக்காமற் போயிற்று.

அப்படியாயின் பரந்தனில் வாழ்ந்தோர் இப்பாடல்களை எவ்வாறு கேட்டனர்? தட்டாக அன்று, வானொலியாகவே. கொழும்பிற் சூரியாவின் தட்டு வாங்கக்கூடிய பொருள். வன்னியில் அது காற்றில் வந்து காற்றிலே போன ஒலி. மிளகாய்ப் பணத்தில் வாங்கப்பட்ட திரான்சிஸ்ரர் வானொலிகள் வயல் வரம்புகளிலும் தேநீர்க் கடைகளிலும் பாடின. கேட்டவனுக்குப் பாடகன் பெயர் தெரியும்; முத்திரையின் பெயர் தெரியாது; தட்டு எத்தகைய உருவினது என்பது பலருக்குத் தெரிந்திராது. இவ்வாறு கேட்கப்படும் இசைக்கு ஒரு கேடு உண்டு. வானொலி அதனை ஒலிபரப்புவதை நிறுத்திய நாளிலே, கேட்டவன் வீட்டில் எதுவும் மிஞ்சுவதில்லை. கொலம்பஸின் கெப்சோல் தட்டுகள் பழம்பொருட் கடைகளிலும் வீட்டு மேன்மாடங்களிலும் முப்பது ஆண்டு கிடந்து மீட்போருக்குக் கிட்டின. சிங்களப் பொப்பிசையின் பழந்தட்டுகளைத் தேடித் திரட்டுவோரும் தென்னிலங்கையில் உள்ளனர். வடக்கிலே தட்டு வைத்திருந்த சிலரும் அவற்றை விட்டுவிட்டு ஓடவேண்டியவராயினர். இடம்பெயர்வோன் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவன நெல்லும் பாத்திரமும் பிள்ளைகளும், இசைத்தட்டு ஏறாது.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. ஆண்டிறுதி வரவுசெலவுத் திட்டத்தோடு இறக்குமதிக் கதவுகள் திறந்தன. மிளகாயின் விலை சரிந்தது. இசைத்தட்டுக்கும் இனிக் காலமில்லை. யப்பானிய ஒலிநாடாப் பெட்டிகள் வந்து குவிந்தன. ஒரு நாடாவை வீட்டிலேயே பத்து நாடாவாகப் பெருக்கலாம் எனும்போது முத்திரைக்காரனுக்கு முதலீடு செய்யும் காரணம் குன்றிவிடும். அதே 1977இல், ஏ. இ. மனோகரனின் பெயரோடு இலங்கையிற் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ தமிழ்நாட்டுத் திரைக்குள் நுழைந்தது. ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் அதனைப் பாடினர். மனோகரனும் தமிழகம் சென்று ‘சிலோன் மனோகர்’ எனப் பெயர்பெற்று, 2018இற் சென்னையிற் காலமாகும்வரை அப்பெயராலேயே அறியப்பட்டார். நாடு 1972இலேயே சிலோன் என்னும் பெயரைக் கைவிட்டுவிட்டது. பாடகனின் பெயரில் மட்டும் அது ஒட்டிக்கொண்டது. ஈழத்துப் பாட்டொன்று பரவலான வாழ்வு பெறத் தமிழகத் திரைப்படத்தின் வழியே செல்லவேண்டியிருந்தது என்பதில் மகிழ்ச்சியும் உண்டு, வருத்தமும் உண்டு. நித்தி கனகரத்தினம் பின்னர் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். சொந்த முத்திரையற்ற இசையின் கலைஞர், ஒருவர் திரையையும் ஒருவர் புலம்பெயர்வையும் நோக்கிச் சென்றனர்.

போர் தொடங்கியபின் பரந்தன் ஆலை இயங்கவில்லை, கட்டடங்கள் சிதைந்தன. நிறுவனத்தின் பெயர் மட்டும் கொழும்பில் நின்று, வெளிநாட்டிலிருந்து குளோரினை இறக்குமதி செய்து விற்றது. தொண்ணூறுகளிலே வடக்குக்கு மின்கலங்கள் செல்வது தடைசெய்யப்பட்டிருந்தது. அப்போது மக்கள் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, சில்லைக் கையாலோ மிதித்தோ சுழற்றி, விளக்குக்கான தைனமோவிலிருந்து வந்த மின்னைக் கொண்டு வானொலியையும் நாடாப் பெட்டியையும் இயக்கினர். அந்நாளில் வன்னியில் வெளியான போர்க்காலப் பாடல் நாடாக்கள் வேறொரு கட்டுரைக்குரியவை. ஆனால் செய்தி கேட்டபின் எஞ்சிய சுழற்சியிற் பழைய பாட்டொன்றையும் கேட்க விரும்பியோர் இருந்தனர். சில்லுச் சுழலும் வேகம் குறைந்தாற் குரல் தடிக்கும்; கூடினாற் கீச்சிடும். சுழற்றுபவன் களைத்தாற் பாட்டு நிற்கும். நாற்பத்தைந்து சுற்றுத் தட்டைக் கண்டிராத தலைமுறை, பாட்டுக்கும் சுழற்சிக்கும் உள்ள உறவை அவ்வாறுதான் அறிந்துகொண்டது.